ஆட்டம் முடிந்ததும்

பிரான்ஸ், 14 ஜூன் 1917

அன்புள்ள பிண்டர்,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. என் படைப்பிரிவில் இருந்த உங்கள் நெட் நேற்று முன்தினம் இறந்துவிட்டான். குண்டு பட்ட மறுகணமே உயிர் போய்விட்டது, வலி தெரிந்திருக்காது. நான் பக்கத்திலேயே இருந்தேன். கவுண்ட்டி கிரிக்கெட் அணியில் பதினைந்து வருஷம் என் தலைமையில் பந்து வீசியவர் நீங்கள். உங்கள் ஒரே பிள்ளையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் மனைவி ஹன்னாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

உங்கள்,
ஸ்டான்மியர்

ஆஷ்கோம்ப், 2 ஜூலை

பிரபு அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஹன்னா தினமும் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "புள்ள வலி தெரியாமப் போனானே, அது போதும்" என்கிறாள்.

நேற்று ராணுவ மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி எழுதியிருந்தாள். நல்லவேளை, ஹன்னா வீட்டில் இல்லை. நெட் இரண்டு நாள் உயிரோடு இருந்தானாம். "எங்க கேப்டனுக்குச் சொல்லி அனுப்புங்க சிஸ்டர். கண்டிப்பா வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். இரண்டு முறை ஆள் அனுப்பினார்களாம்.

பந்து மட்டையில் உரசியது அம்பயருக்கே கேட்காவிட்டாலும் நீங்களாக வெளியேறிவிடுவீர்கள். "இந்த மனுஷனுக்குப் பைத்தியமா?" என்று எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! அந்த மனிதரிடம் கேட்கிறேன். எங்கே இருந்தீர்கள்?

ஆமோஸ் பிண்டர்

பிரான்ஸ், 11 ஜூலை

ஆமோஸ்,

வலி தெரியாமல் போனான் என்றுதான் அதிகாரிகள் எல்லோரும் எல்லாப் பெற்றோருக்கும் எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

மருத்துவமனை ஆறு மைல்தான். அன்று முகாமில் வேறொரு ரெஜிமென்ட் அதிகாரிகளோடு ஆட்டம். முதல் ஆள் வந்தபோது எழுபது ரன் எடுத்திருந்தேன். "ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லு" என்றேன். சின்னக் காயம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஆள் வந்தபோது தொண்ணூற்றாறு. நூறு அடித்தேன். பிறகு விருந்து. மறுநாள் காலையில் போனேன்; கட்டில் காலியாக இருந்தது.

என்னை நானே மன்னிக்க முடியவில்லை. விடுப்பு கிடைத்ததும் வந்து, ஹன்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஆப்ரி ஸ்டான்மியர்

ஆஷ்கோம்ப், 20 ஜூலை

பிரபு அவர்களுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சதம் அடித்த நாளில் எல்லாம் நெட் தெருத்தெருவாக ஓடி ஊருக்கே சொல்வான். இந்தச் சதத்தை நான் யாரிடம் சொல்ல?

ஹன்னாவிடம் சொன்னால் உங்கள் பாரம் இறங்கிவிடும். அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த முதல் கடிதம் ஒன்றுதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சும்மா பார்த்துவிட்டுப் போகவும் வேண்டாம். வாசலில் உங்களைக் கண்டால், கடைசி நேரத்தில் பிள்ளையோடு இருந்தீர்களே என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நன்றி சொல்வாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

வராதீர்கள்.

ஆமோஸ் பிண்டர்