மானிட யுகப் பட்டிமன்றம்

வெள்ளிக்கிழமை, இரவு

கரவெட்டியில் திருவிழாப் பட்டிமன்றம். வெற்றி எங்கள் அணிக்குத்தான். மனிதன் தன் கையாலேயே பூமியை ‘மானிட யுகம்’ என்ற புதிய யுகத்துக்குள் தள்ளிவிட்டான் என்று விஞ்ஞானிகள் சொல்வது உண்மையா, மிகையா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது மிகை.

எதிரணிப் புவியியல் ஆசிரியர் உரம் நிலத்தடி நீரில் இறங்குவதைப் பற்றிக் கவலையோடு சொன்னார். நான் எழும்பினேன்.

“ரெண்டு பை யூரியா போட்டதுக்கு யுகம் மாறுமே? அப்ப எங்கடை தோட்டத்திலை வெங்காயம் விளையாது, பிரளயம்தான் விளையும்!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மேடையால் இறங்கியபோது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள்.

“ரீச்சர், இப்பதான் நிம்மதி. கிணத்துத் தண்ணியிலை உரம் கிடக்கு, அதிலை பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேண்டாமெண்டு மருத்துவிச்சி வெருட்டிப் போட்டா. நீங்களே சொன்ன பிறகு என்ன பயம்?”

“இல்லைப் பிள்ளை, அது சும்மா பட்டிமன்றத்துக்கு...” என்று தொடங்கினேன். அதற்குள் நடுவர் பொன்னாடையோடு கூப்பிட்டார். போர்த்திக்கொண்டு திரும்பினால் அவளைக் காணவில்லை. சனத்துக்குள் தேடினேன். பெயர் தெரியாது, எந்த ஒழுங்கையில் வீடு என்றும் தெரியாது.

வீட்டில், பொன்னாடை கதிரையில் கிடக்கிறது. போத்தல் தண்ணீரைக் குடிக்கிறேன். எங்கள் கிணற்று நீரை நாங்கள் குடிப்பதை விட்டு எவ்வளவோ காலம். மேடையில் நான் அதைச் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்பே அந்தக் குழந்தை பாலுக்கு அழும்.