முட்டிய மடக்கி நில்லு

கச்சிராயபாளையம்

அன்பு மவன் வெற்றிவேலுக்கு அம்மா எழுதிக்கிறது. நானு, உங்கப்பா, ரெண்டு கறவ மாடு எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல ஒடம்பப் பாத்துகினு நல்லா இருக்கணும். கரும்பு வெட்ட மில்லுலேர்ந்து இன்னும் ஆர்டர் வரல, உங்கப்பா எரிஞ்சி எரிஞ்சி வுழறாரு. உன் தங்கச்சி அபிநயாவும் நல்லாத்தான் இருந்தா, ஆனா நானும் அவளும் உன்னப் பாக்க பாரிஸுக்கு வந்துட்டுத் திரும்பினதுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சோறு வேணும்னாக்கூட உங்கப்பாகிட்ட சொல்லி, அவரு வந்து எங்கிட்ட சொல்லணும். இன்னாம்மா ஆச்சின்னு நீ கேட்டுகினே இருக்க, போன் அவ கையிலயே கெடக்கு, எப்டி சொல்றது, அதான் கடுதாசி.

ஊருக்குக் கெளம்பறதுக்கு மொத நாளு எங்கள மியூசியம் வாசல்ல வுட்டுட்டு நீ வேலைக்குப் போன இல்ல, அன்னிக்கு நடந்ததுதான். எனக்கு மட்டும் பாஸ் வாங்கிக் குடுத்துட்டு, அபிநயாவுக்குப் பதினெட்டு முடியல, பாஸ்போர்ட்டக் காட்டுனா சும்மாவே வுடுவாங்கன்னு சொன்ன. நீ படிச்சவன், சரியாத்தான் சொல்லுவ. எனக்குத்தான் மனசு கேக்கல. என்னவிட ஒசரமா நிக்கிற பொண்ண எவன் சும்மா வுடுவான்? நம்மூரு பஸ்ல நீ அஞ்சாவது படிக்கிற வரைக்கும் உனக்கு அஞ்சு வயசு முடியல, அவளுக்கும் அப்டித்தான். கண்டக்டர் வந்தா முட்டிய மடக்கிக்கணும்னு ரெண்டு பேருக்கும் பழக்கினதே நானு. பாஸ்போர்ட்ட என் பையில அமுக்கிகினு, அவள ஓரமா நிறுத்தி ரெட்ட ஜட போட்டு, முட்டிய மடக்கி நில்லுடின்னு சொல்லிட்டு, கவுண்டர்ல இருந்த வெள்ளக்காரம்மாகிட்ட பத்து வெரலும் அப்புறம் ரெண்டு வெரலும் காட்டினேன். அபிநயா இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா, ஒரு கிள்ளு வச்சேன். அந்தம்மா அவள மேலயும் கீழயும் பாத்து சிரிச்சிட்டு, சட்டையில யானப் படம் ஒட்டி, சின்னப் புள்ளைங்க களிமண்ணுல பொம்ம பண்ற ரூமுக்குக் கூட்டினு போயி ஒக்கார வச்சிடுச்சி. கூட ஒரு பெரியவங்க இருக்கணுமாம், நானும் ஒக்காந்தேன். களிமண்ணு நமக்குப் புதுசா, திமிலு கொம்பு மூக்கணாங்கயிறோட ஒரு காள பண்ணி வச்சேன், புள்ளைங்கல்லாம் என்னையே சுத்தி நின்னுதுங்க. அந்த சந்தோசத்துல நேரம் போனதே தெரியல. எழுந்து வரசொல்ல மேல எகிப்து ராஜா பொணம் வச்சிருக்கிற எடத்த மூடிட்டாங்க. அதப் பாக்கத்தான் அவ எட்டாவதுலேர்ந்து ஆசப்பட்டுகினு இருந்தா. நேரா நடந்து போயிருந்தா சும்மாவே வுட்டிருப்பாங்களேம்மான்னு கேட்டா, அதோட வாய மூடினவதான்.

நேத்து அவளுக்குக் காலேஜுக்குத் துணி எடுக்க டவுன் பஸ்ல கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா, மூஞ்சி ஜன்னல் பக்கம். கண்டக்டர் கிட்ட வந்ததும் திடுக்குன்னு திரும்பி, பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி, அண்ணா எங்கம்மாவுக்கு இன்னும் அஞ்சு வயசு முடியல, முட்டிய மடக்கினு இருக்காங்க பாருங்கன்னா. அந்தாளு, லேடீஸ் எல்லாருக்கும் சும்மாதானம்மா, எதுக்கு வயசக் கொறைக்கிறன்னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சி. மானம் போச்சி, ஆனா எங்கம்மான்னு சொல்லிட்டா இல்ல, எனக்குக் கண்ணு தளும்பிடுச்சி. எறங்கினதும் கரும்பு ஜூஸு ரெண்டா வாங்கினோம்.

வேளைக்குச் சாப்புடு, ராத்திரில கண்ணு முழிக்காத, குலதெய்வம் உன்னக் காப்பாத்தும். அந்த மியூசியத்துல என் காளைய சுட்டு வச்சிருப்பாங்க, போயி வாங்கியா. அது பக்கத்துல துணி சுத்தின மாதிரி நீட்டமா ஒண்ணு இருக்கும், உருட்டி எறிஞ்ச மண்ணுன்னு வுட்டுட்டு வந்துடாத, அது உன் தங்கச்சி பண்ண ராஜா. அடுத்த தடவ வரசொல்ல அவளுக்குப் பதினெட்டு தாண்டிடும், அவளுக்கும் முழு பாஸா வாங்கிக் குடு. அந்த ராஜாவ அவ பாத்துட்டு வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேன், வாயும் தொறக்க மாட்டேன், வெரலும் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்மாள் தங்கதுரை