திறக்காத பதினைந்து வீடுகள்

பயண நாள் 270 — 07:10
வியாழனை நோக்கிச் செல்லும் ஆய்வுக்கலம். பதிவு: செண்பகவல்லி, மென்பொருள் பொறியாளர். கலத்தில் நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சீர். பூமிக்குச் செய்தி போய்ச்சேர இருபத்திரண்டு நிமிடம்.
இன்று ஒன்பதாவது வீட்டைத் திறந்தேன். நானும் கணவர் வேலாயுதமும் சேர்ந்து விளையாடிய கணினி விளையாட்டில் ஒரு கடற்கரை ஊர் கட்டியிருந்தோம். புற்றுநோய் வார்டில் கிடந்தபடி அவர் அங்கே இருபத்துநான்கு வீடுகளில் தன் குரலைப் பதிவுசெய்துவைத்தார். மாதத்திற்கு ஒன்று. நான் புறப்படும் முன்பே போய்விட்டார்.
இன்றைய குரல்: "ஏட்டி செம்பா, வந்துட்டியா? ஒழுங்கா சாப்பிடுதியா? இன்னும் பதினஞ்சு வீடு கெடக்கு."
மூன்று முறை கேட்டேன்.

பயண நாள் 300 — 06:02
விளையாட்டு திறக்கவில்லை. திரையில்: "உரிமம் சரிபார்க்கப்படவில்லை. இது திருட்டு நகலாக இருக்கலாம்."
முன்னூறு நாளுக்கு ஒருமுறை விளையாட்டு தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் கணினியிடம் உரிமம் உண்டா என்று கேட்குமாம். பத்து நொடிக்குள் பதில் வரவேண்டும். இங்கிருந்து கேள்வி போய்ப் பதில் வர நாற்பத்துநான்கு நிமிடம் ஆகும்.
தரைநிலையத்திலுள்ள ஆரோக்கியத்திடம் நிறுவனத்தோடு பேசச் சொன்னேன்.

பயண நாள் 302 — 13:40
ஆரோக்கியம்: "அக்கா, இணையம் இல்லாம வெளையாட அனுமதி வேணும்னா வாங்குனவரே கேமரா முன்னால வந்து நிக்கணுமாம். வாங்குன அண்ணன் இப்ப உயிரோட இல்லன்னு சொன்னேன். அப்ப உரிமமும் முடிஞ்சுட்டுங்கான். திருட்டுக் காப்பி வச்சிருக்கவன்லாம் ஜாலியா வெளையாடுதான். ஒழுங்கா வாங்குன நமக்குத்தான் இந்த வம்பு. பொறுங்க, நான் விடமாட்டேன்."
அவர் குரல் இருக்கும் சேமிப்புக் கோப்பையாவது நகலெடுக்க முயன்றேன். அதையும் பூட்டியிருக்கிறார்கள்.

பயண நாள் 306 — 09:15
ஆறு நாளாக அவர் குரல் இல்லை. கலத்தை ஓட்டும் நிரலையே எழுதியவள் நான். ஒரு பூட்டை உடைக்கத் தெரியாதா?
சரிபார்க்கும் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டேன். நான்கு வரிகள்தான். மாற்றுகிறேன்.

09:31
"நிரல் சிதைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பு கருதிச் சேமிப்புகள் அழிக்கப்படுகின்றன."
மின்சாரத்தைத் துண்டித்தேன். அவசரத்தில் முதலில் வேறு விசையை அழுத்திவிட்டேன்.

09:50
எதுவும் மீளவில்லை. கேட்ட ஒன்பதும் சேர்ந்தே போயிற்று.

பயண நாள் 308 — 11:04
ஆரோக்கியம்: "அக்கா! அனுமதி குடுத்துட்டானுவ! இணையமே வேண்டாம், எப்பவும் வெளையாடலாம். கோப்பு அனுப்பிட்டேன். போய் அண்ணன் பேசுறதக் கேளுங்க!"
அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

11:52
அந்தக் கோப்பை ஏற்றினேன். விளையாட்டு திறந்தது. கடல் இருக்கிறது. மணல் இருக்கிறது. ஒரு வீடுகூட இல்லை.
திரை கேட்கிறது: "இரண்டாம் ஆட்டக்காரரை அழைக்கவா?"
எப்போதும் அது அவர்தான். ஆம் என்று அழுத்தினேன்.

14:20
தேடிக்கொண்டிருக்கிறது.

19:05
இன்னும் தேடுகிறது. நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது. என்னால் அதை அழுத்த முடியவில்லை.