பதினான்காம் வரிக்கு நான் போட்ட டிக்

மார்ச் 4

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பன்னிரண்டரை. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

எங்கள் கிளைடரின், அந்த எஞ்சின் இல்லாத சின்ன விமானத்தின், பறக்கும் தகுதிச் சான்று காலாவதியாகி ஆறு வாரம். எங்கள் என்றால், பல் டாக்டர் அக்காவும் நானும் பாதிப் பாதி. புதுப்பிக்க இரண்டு வழி. உரிமம் பெற்ற ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தரலாம். அவர் தேதி கிடைக்க மாதக்கணக்காகும். இல்லையென்றால் உரிமையாளரே சோதித்து, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்திடலாம். வேறு யாரையும் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

"நீ மெக்கானிக்கல் படிச்சவதானே, நீயே பாரு. நான் கண்ண மூடிட்டு ஏறிடுவேன்" என்றார் அக்கா.

கண்ண மூடிட்டா? என் தூக்கம் போயிற்று.

மார்ச் 8, சனி

கிளைடர் நிற்கும் கொட்டகையில் மூன்று மணி நேரம். சோதனைப் பட்டியலில் முப்பத்தொரு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். நடுவில் பாப்பா வீறிட்டாள். இவர் தோளில் போட்டு எவ்வளவோ ஆட்டிப் பார்த்தார். அவளுக்குப் பால்தான் வேண்டும். கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தை முடித்தேன். கையெழுத்தும் போட்டாயிற்று. நாளைக் காலை அக்கா பறக்கிறார்.

அதே இரவு

பதினான்காம் வரி, வாலைத் திருப்பும் சுக்கான் கேபிள். அதைப் பார்த்தேனா? பாப்பா அழுதது பதின்மூன்றாம் வரியில். திரும்பி வந்து தொடங்கியது பதினைந்தில். பதினாலுக்கு டிக் இருக்கு — எப்படி இருக்கு? எழுந்து ஓடுற அவசரத்துல போட்டுட்டேனா? என்ன பண்ணித் தொலைச்சேன்!

இவரை எழுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"என்னை ஏன் கேக்குற? அக்காவுக்குப் போன் போடு."

"இந்த நேரத்துலயா? திட்டுவாங்க."

"வாங்கிக்கோ."

மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

மார்ச் 9

அக்கா திட்டவில்லை. எனக்கு முன்பே கொட்டகையில் நின்றார். பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் பழைய துணியால் கேபிளை உருவிக்கொண்டே போனேன். மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் துணி மாட்டியது. அறுந்த இழைகள் மூன்று.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "நாளெல்லாம் ஊரார் வாயில ஓட்டை தேடுறேன். என் வண்டியில நீ தேடிட்ட" என்று சிரித்தார். நான் கையெழுத்திட்ட தாளை நாலாகக் கிழித்தார்.

இப்படி ஒரு மனுஷி வாய்க்க நான் என்ன செய்தேன்?

மார்ச் 12

இந்த வருடம் ஆய்வாளர்தான். கெஞ்சியது நான், தலையாட்டியது அக்கா. இந்தப் பருவத்தில் அவர் பறப்பது போச்சு.

ஆய்வாளருக்கு அனுப்பியது:

"ஐயா, சுக்கான் கேபிளை மாற்றுகிறோம். பார்க்காமலே டிக் போட்டது நான்தான். அதைப் பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். வரும்போது அதையே முதலில் பாருங்கள். எந்தத் தேதியில் வர முடியும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."