‘நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்’ என்று சொன்னவன்

ஏப்ரல் 30, புதன்

குரோம்பேட்டை ஆங்கில வகுப்பில் இன்று ‘நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்’. பாடத்திட்டத்தில் இருக்கிறது, தாண்டிப் போக முடியவில்லை. பலகையில் எழுதிப் போட்டேன்.

மார்ச்சில் ஆரோன் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி அதுதான். சபையார் முன்னால் நிச்சயம் முடித்து, மண்டபமும் பார்த்த பிறகு, “பொண்ணு ரொம்பப் படிக்குது, நம்ம வீட்டுக்குச் சரிப்படாது” என்று அவன் அம்மா சொல்லி அனுப்பினார். மறுநாள் இவன்: ‘நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், ஹெப்சி’.

வகுப்பில் அர்த்தம் கேட்டேன். மெத்தைக்கடை கலீல் பாய் முந்திக்கொண்டார்.

“மனசுல வச்சுக்காதீங்கன்றது, அவ்ளோதான் மேடம். நான் டெய்லி சொல்றேன். டிஸ்கவுண்ட் கிடையாதுன்னுட்டு உடனே இதையும் சொல்லிடுவேன்.”

“அப்ப கஸ்டமர் திரும்பி வருவாரா?”

“வர மாட்டாரு. ஆனா திட்டாம போவாரு.”

பின் பெஞ்சு நஃபீசாவின் மாமியார் ஹஜ்ஜுக்குப் போகிறாராம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். “என்கிட்டயும் கேட்டாங்க மேடம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யோசிச்சு சொல்றேன்னேன்.”

வகுப்பே சிரித்தது.

தாம்பரம் வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன். தோற்றவர் சொன்னால் அது பெருந்தன்மை. வேலையிலிருந்து அனுப்புகிற மேலாளர் சொன்னால் கதவைச் சாத்துகிற சத்தம். நஃபீசாவின் மாமியார் போலக் கேள்வியாகக் கேட்டால், பதில் சொல்லும் உரிமையாவது நமக்கு மிஞ்சுகிறது. ஆரோன் கேட்கவில்லை. உத்தரவு போட்டான்.

மே 4, ஞாயிறு

ஆராதனையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆரோனுக்கும் பாடகர் குழு ஜென்சிக்கும்.

இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டு, ஒரு மூச்சு நிறுத்துவார். இப்படி மூன்று ஞாயிறு கேட்டு, யாரும் வாய் திறக்காவிட்டால்தான் கல்யாணம். அந்த ஒரு மூச்சில் சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. ஆரோனும் திரும்பினான். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். பயந்துபோயிருந்தான்.

எதற்கு? என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லையே.

மே 5, திங்கள்

என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. நேரத்தோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். போதகர் கேட்டு நிறுத்தியதும் எழுந்து நின்றேன்.

கோயிலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. போதகர் காகிதத்தைத் தாழ்த்தினார். நான் நிதானமாக நகர்ந்து, மின்விசிறிக்கு நேர்கீழே காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆரோன் ஆராதனை முடியும்வரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். “என்னடி, இன்னைக்கு மறு சோறெல்லாம் கேக்குற?” என்றாள் அம்மா.

மே 14, புதன்

வகுப்பு விட்டு இறங்கினால் மாடிப்படியில் ஆரோன்.

“ஹெப்சி, இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்கு வராத. ப்ளீஸ்.”

“ஏன்?”

“எபி சொல்லிட்டானா?”

எபி என் அண்ணன். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆரோனுக்கும் அதற்குப் பக்கத்துத் தொழிற்சாலைதான். எபி என்ன சொல்ல வேண்டும்? கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கேட்டால் என் கை காலி என்று தெரிந்துவிடும்.

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.”

“இவ்ளோ வன்மமா உனக்கு?”

ஆமா, இருக்கு. நிறைய இருக்கு. வச்சுக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருடா? – இதெல்லாம் ரயில் ஏறின பிறகுதான் வருகிறது.

மே 15, வியாழன்

அண்ணனிடம் கேட்டேன். “எனக்கு என்ன தெரியும்? வேற கம்பெனி, வேற ஷிஃப்ட்டு. அவன் மூஞ்சியப் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு. விடு, அவன் பேச்சு எதுக்கு இப்ப?”

மே 17, சனி

ஆரோன் தானாகவே ஜென்சி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். பிப்ரவரியிலேயே வேலை போய்விட்டதாம். தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பியிருக்கிறான். நான் சபை நடுவில் போட்டு உடைப்பதற்குள் முந்திக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். ஜென்சியின் அப்பா, வெளியே போ என்றுவிட்டார். சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலிருந்து அம்மா இந்தச் செய்தியோடு வந்தாள்.

ஆக, அதுதான். அண்ணன் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே இருக்கிறான், வேலை போனது என்றைக்காவது என் காதுக்கு வந்துவிடும். அதனால் என்னை விட்டான். ஜென்சி வீட்டில் மறைமலை நகர்ப் பக்கம் யாரும் வேலைக்குப் போவதில்லை.

நானோ என் புத்தகங்களை, என் கண்ணாடியை, நான் பேசுகிற விதத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாள்.

சந்தோஷமா? ஆமாம். இங்கேயாவது பொய் எழுதாமல் இருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை இல்லை. போதகர் நேராக அடுத்த பாட்டுக்குப் போனார்.

முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஜென்சி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப போன வாரம் ஏன் எழுந்தீங்க?”

“அவன பயமுறுத்த.”

“நானும்தான் பயந்தேன்.”

அன்று இவள் முகம் எப்படி இருந்தது? தெரியாது. அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவளும் போகவில்லை.

“நிச்சயச் சேலைய வாங்கிட்டுப் போக நாளைக்கு அவங்க வீட்லேருந்து வர்றாங்க. அம்மா அழுதுட்டே இருக்காங்க. நீங்க கூட வந்து நிக்கிறீங்களா?”

மார்ச்சில் அந்த வீட்டுச் சேலையைச் சலவைக்குப் போட்டு, இஸ்திரி செய்து, புது அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டியவள் நான்.

“வரேன்,” என்றேன். “சேலைய துவைக்காத.”