ஆடி கழித்துப் போன தகடு

1996 ஜூலை 12, வெள்ளி

முதல் பஸ். ஜன்னலோரம். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பாதி மலை இறங்கும் வரைக்கும் வெளியே வெறும் வெள்ளை. ஏற்காட்டிலிருந்து சேலம் போய்ச் சேரும் இந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் மனைவி இல்லை, மில்லின் பரிசோதனைக்கூடத்துச் சாந்தாமேரியும் இல்லை. மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, அவ்வளவுதான். கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

இன்று கார்த் தகடு ஓடியது. இருபது வருடமாக எங்கள் மில் பீரோவுக்கும் டிரம்முக்கும்தான் தகடு போட்டது. இப்போது மெட்ராஸ் பக்கம் வந்திருக்கும் ஒரு கார் கம்பெனி, கதவுக்கென்று ஆறு சுருள் தகடு, காயில் என்போம், கேட்டிருக்கிறது, பரீட்சைக்கு. தேறினால் வருடம் முழுக்க ஆர்டர். தேறாவிட்டால் ஷெட்டை மூடிக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று முதலாளியின் மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். பீரோ ஆர்டரும் குறைந்துகொண்டே வருகிறது. ஷெட்டில் நாற்பது பேர். என்னையும் சேர்த்தால் நாற்பத்தொன்று.

செங்கோடண்ணன் கடைசி உருட்டலை உருட்டினார். சூளையில் வெந்து ஆறிய தகட்டை ஒரே ஒரு தடவை, அமுக்கியும் அமுக்காமலும். ஸ்கின் பாஸ் என்பார்கள். ஒரு துண்டு வெட்டி மிஷினில் இழுத்துப் பார்த்தேன். காகிதத்தில் கோடு வழுக்கிக்கொண்டு ஏறியது, எங்கேயும் ஒரு திக்கல் இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 15, திங்கள்

நாளை ஆடி பிறக்கிறது. முதலாளி சுப்பிரமணி ஐயா ஷெட்டுக்கு வந்தார். முதல் லோடு ஆடியில் வாசல் தாண்டக் கூடாது, ஆவணியில் வளர்பிறை வெள்ளி பார்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்றார். கார் கம்பெனியும் ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் போதும் என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. இந்த வகை இரும்பு, ஸ்கின் பாஸ் ஆன பிறகு நாள் போகப்போக உள்ளுக்குள் விறைத்துக்கொள்ளும். சூட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். பீரோவுக்கு அதனால் குற்றமில்லை, ஆடி கிடந்தாலும் மார்கழி கிடந்தாலும் மடித்தால் மடிந்துவிடும். கார்க் கதவு அப்படியில்லை. அச்சில் வைத்து இழுத்து அடிக்கும்போது தோலில் கோடு விழும். படித்திருக்கிறேன். ஆனாலும் — ஞாயிறு பூசைக்குப் போகிறவள் ஆடியைப் பற்றி என்ன பேசுவது? உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று யாராவது சிரித்தால்? யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

மழை. பூசை முடிந்து நானும் என் வீட்டுக்காரர் பாக்கியநாதனும் ஏரிப் பக்கம் நடந்தோம். நேற்றுக் கண்ட கனவை அவரிடம் சொன்னேன். ஆயிரம் கதவுகள், மேகத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் மலை தெரிகிறது. அவர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் உரிக்கிற மிஷின்களுக்கு மெக்கானிக். அவர் கனவில் பெல்ட்தான் அறுந்துபோகும். "உனக்குப் பாதி ஊடு ஆகாசத்துல" என்றார்.

திரும்பி வந்து படுத்தபோது, தகடு கிடக்கிற கோடவுன் ஞாபகம் வந்தது. தகரக் கூரை. கீழே சேலத்தில் என்ன வெயிலோ. ஒரு மாதம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கம்பளிக்குள் கால்கள் இதமாக இருந்தன.

ஆகஸ்ட் 9

ஆடிப் பண்டிகை. பாதிப் பேர் லீவு. மில் தூங்குகிறது, நானும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லோடு போயிற்று. தேங்காய், சூடம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். செங்கோடண்ணன் லாரி மறையும் வரைக்கும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

இன்னொரு துண்டு இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஜூலையில் எழுதிய சர்டிபிகேட்டையே டிரைவரிடம் கொடுத்தேன். நாற்பத்திரண்டு நாள். எண்ணினேன். எண்ணிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மெட்ராஸிலிருந்து போன். அடித்த கதவிலெல்லாம் கோடு, புழு ஊர்ந்த தடம் மாதிரி. முதல் காயிலோடு நிறுத்திவிட்டார்களாம். மீதி ஐந்தும் அப்படியே கிடக்கின்றன.

நமக்கு மூலக் காயில் கொடுத்த ஆலையின் மேல்தான் தப்பு, அப்படியே ரிப்போர்ட் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள் என்றார் முதலாளி. ஷெட்டில் பாதிப் பேர் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை. கூட்டுகிற முத்தாயி என் பக்கத்தில் வந்து நின்று, "மண்டபம் வந்துருச்சுன்னா எங்களுக்கு எச்சல எடுக்கற வேலையாவது குடுப்பாங்களாங்க, மேரிம்மா?" என்று கேட்டாள். 

செப்டம்பர் 4

ஜூலையில் வெட்டி எடுத்துவைத்த மிச்சத் துண்டு அலமாரியில் இருந்தது. இழுத்தேன். கோடு ஏறியது, சட்டென்று நின்றது, கீழே விழுந்தது, கொஞ்ச தூரம் நடுங்கிக்கொண்டே போய்விட்டு மறுபடி ஏறியது. இரண்டு தடவை இழுத்தேன். இரண்டு தடவையும் அதே.

ஆலைமேல் தப்பில்லை. செங்கோடண்ணன் மேலும் இல்லை. எனக்குத் தெரியும்! எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. பாவி.

செப்டம்பர் 5

அவரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலாளியிடம் சொன்னால் வேலை போகுமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.

"சரி, போனாப் போகுது. நாளைக்கு மொத பஸ்ஸா, ரெண்டாவதா?"

முதல் பஸ் என்றேன். அலாரம் வைத்தார்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று பஸ்ஸில் கனவு எதுவும் வரவில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

முதலாளி மேஜைமேல் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜூலைக் கோடு, செப்டம்பர்க் கோடு. தகடு கிடந்து கெட்டது என்பதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆடியக் குத்தஞ் சொல்றீங்களா?"

"ஆடியச் சொல்லலீங்க. கெடந்தாக் கெட்டுப்போகும்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. சொல்லியிருந்தா ஆவணி பொறந்தப்புறம் மறுக்கா உருட்டியிருப்பீங்க. நாஞ் சொல்லலீங்க."

அதுவரைக்கும் அந்த வழி எனக்கே தோன்றியிருக்கவில்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் புரிந்தது: ஆடி கழித்து இன்னொரு தடவை உருட்டியிருக்கலாம். அவ்வளவு சின்ன விஷயம். அழுகை வந்துவிட்டது, அவர் முன்னாலேயே. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டார். உங்கள் சாமி விஷயம் என்று தயங்கினேன் என்றேன்.

"இருவது வருசமா எங்கூட்டுப் பொங்கச் சோறு திங்கறீங்க. சொல்றதுக்கு மட்டும் வேத்தாளா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

மீதி ஐந்து காயிலையும் திருப்பிக் கொண்டுவந்து இன்னொரு தடவை ஸ்கின் பாஸ் ஓட்டினால் விறைப்பு இளகும், ஒரு வாரத்துக்குள் அடித்துவிட வேண்டும் என்றேன். நடந்ததை நடந்தபடியே கம்பெனிக்கு எழுதச் சொன்னார். ஆடி என்கிற வார்த்தையை மட்டும் 'கோடவுனில் நாற்பத்திரண்டு நாள்' என்று மாற்றிக்கொண்டோம்.

செப்டம்பர் 16

காயில்கள் திரும்பி வந்தன. நாளைக்கே உருட்டலாம் என்றதும் செங்கோடண்ணன் முதலாளியைப் பார்த்தே சொன்னார்: "ஏனுங்க, உருட்டுனாச் சூட்டோட சூடாப் போயிரோணுமுங்க. மறுக்கா நீங்க காலண்டரத் தொட்டீங்கன்னா நான் வரமாட்டனுங்க." முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மெட்ராஸிலிருந்து போன். அடித்த கதவெல்லாம் சுத்தம். ஒரு கோடு இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கம்பெனியிலிருந்து ஆள் வந்தார், மரியஅந்தோணி என்று தூத்துக்குடிக்காரர். நிதானமான பேச்சு. கதவு கிடையாது என்றார். வெளியே தெரிகிற பாகங்களுக்குக் கடல் தாண்டி வேறு வகை உருக்கு வருகிறது, மாதக்கணக்கில் கிடந்தாலும் விறைக்காதாம். அந்த மூலக் காயில் நம் பக்கம் கிடைக்கும் நாளில் மறுபடி பேசலாம் என்றார். காரின் தரைக்கும் சீட்டுக்கு அடியில் வருகிற பாகங்களுக்கும் நீங்கள் கொடுங்கள், வாரம் ஒரு லாரி, உருட்டிய தேதி ஒவ்வொரு காயிலிலும் இருக்க வேண்டும் என்றார்.

முதலாளிக்கு ஏமாற்றம். "தரையா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். என் ஆயிரம் கதவுகளும் மேகத்துக்குள் போய்விட்டன. எனக்கும் வலித்தது, இல்லையென்று எழுத முடியாது. ஆனால் வெளியே வந்து சொன்னபோது முத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மண்டபம் இல்லை. நாற்பத்தொரு பேருக்கும் நாளைக்கு ஷிப்ட் உண்டு.

1997 ஜூலை 18, வெள்ளி

ஆடி இரண்டு. வார லாரி நிற்க முடியாது. முதலாளி காலையிலேயே எனக்குப் போன் செய்து, தான் இன்றைக்கு ஊரில் இல்லை என்றும் நானே அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். பேசியது பக்கத்து அறையிலிருந்துதான். சுவர் வழியாகவும் கேட்டது. அனுப்பினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நேற்றிலிருந்து விடாத மழை. மதியம் கொட்டச்சேடு பாதையில் எஸ்டேட் டாக்டரின் புதுக் கார் சேற்றில் இறங்கிவிட்டது என்று ஆள் வந்தது. என் வீட்டுக்காரர் கயிறும் டார்ச்சுமாகக் கிளம்பினார். நானும் குடையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அந்தக் கம்பெனியின் கார்தான். மலைமேல் இதுதான் முதல்.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். கயிறு கட்டிவிட்டு வெளியே வந்தவர் உடம்பெல்லாம் சேறு. "உங்க மில்லுத் தகடு நல்லாத்தான் இருக்குது" என்றார், ஏதோ சொந்தக்காரர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

எங்கள் தகடுதான் என்று யார் சொல்ல முடியும்? குடையை மடக்கி டாக்டர் கையில் கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சாக்கின்மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். டாக்டர் பதறிப்போய், "ஏனுங்கம்மா, என்னங்க விழுந்துருச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதிலாக வீட்டுக்காரர்தான், ஒன்றுமில்லைங்க, கொஞ்சம் பொறுங்க என்றார்.

கறுப்புப் பூச்சு. சேறு. ஒரு காப்பி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. மேலே மழை சத்தமாகப் பெய்தது, ஒரு சொட்டு என்மேல் விழவில்லை. எழுந்து வர மனமில்லை.