சாவி கையில் இருந்தவர் வண்டி ஓட்டியவர் அல்ல

அனுப்புநர்:
கார் ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
துணிக்கடையில் அளவு திருத்தும் தையல்காரி.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
இலவசச் சட்ட உதவி அலுவலகம்,
நீதிமன்ற வளாகம்.

பொருள்: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகத் தவறாக வழக்குப் போடப்பட்ட என் கணவருக்கு, வியாழக்கிழமை விசாரணைக்கு முன், முதலாளியின் வழக்கறிஞர் அல்லாத வேறொரு வழக்கறிஞர் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மரக்கடை முதலாளி ஒருவரிடம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். சென்ற மாதம் எட்டாம் தேதி மதியம், முதலாளியின் புதிய கிடங்குத் திறப்பு விருந்து. "இன்னைக்குக்கூட வேணாம்னா எப்படிப்பா?" என்று முதலாளியே ஊற்றிக் கொடுத்தாராம். இவரும் குடித்தார். குடித்தது தவறு, நான் மறைக்கவில்லை. அதற்கான தண்டனையை வீட்டில் என்னிடம் அனுபவித்து வருகிறார். அதில் தங்கள் அலுவலகம் தலையிட வேண்டியதில்லை.

2. புறப்படும்போது, "குடிச்சிருக்கேன் ஐயா, ஓட்ட மாட்டேன். டாக்ஸி கூப்பிடலாம்" என்று சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இவரைப்போல் நாலு மடங்கு குடித்திருந்த முதலாளி, "என் வண்டிய எனக்கு ஓட்டத் தெரியாதா?" என்று தாமே ஓட்டினார். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கி நடந்திருக்க வேண்டும், அதையும் கேட்டுவிட்டேன். மருந்துக்கடை வளைவில் கார் ஒரு சைக்கிளில் மோதியது. அதில் வந்தவர் வீடு வீடாகப் பொட்டலம் கொடுப்பவர். கால் எலும்பு முறிந்துவிட்டது.

3. முதலாளி என்றைக்காவது தாமே ஓட்டினால், கார் நின்றதும் என் கணவர் சுற்றி வந்து கதவைத் திறப்பார். முதலாளி சாவியை இவர் கையில் போட்டுவிட்டு இறங்கிப் போவார். அன்றும் அதேதான் நடந்தது. பழக்கதோஷம் விபத்தைக்கூடப் பார்க்கவில்லை. காவலர் வந்தபோது இவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே நிற்கிறார், கையில் சாவி, வாயில் வாடை. ஊதச் சொன்னார்கள், ஊதினார். முதலாளியை யாரும் ஊதச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையில் இருந்த அவருக்கு மருந்துக்கடையிலிருந்து நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் வந்தன.

4. மறுநாளே முதலாளியின் வழக்கறிஞர் எங்கள் வீட்டுக்கு வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "முதல் விசாரணையிலயே ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும்மா. மத்தத ஐயா பாத்துப்பாரு" என்றார். ஆளுக்குக் காயம் இருப்பதால் சிறையும் உண்டு, உரிமமும் பறிபோகும் என்பதைத் தங்கள் அலுவலக எழுத்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றிருக்கும் வழக்கறிஞர் எங்களுக்கு வேண்டாம். சிறைக்குப் போகப்போகிறவரிடம் சிறை என்ற சொல்லையே சொல்லாதவர் என்ன வழக்கறிஞர் ஐயா?

5. கால் முறிந்தவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க வீட்டுக்காரரு ஓட்டலைம்மா. வெள்ளைச் சட்டைக்காரர்தான் ஓட்டினாரு. உங்க வீட்டுக்காரர்தான் ஓடி வந்து என்னைத் தூக்குனாரு" என்றார். அவரிடம் இதுவரை எவரும் வாக்குமூலம் வாங்கவில்லை. மருந்துக்கடைக் கேமராவிலும் எல்லாம் பதிவாகியிருக்கிறது. காவல் நிலையம் எழுதிக் கேட்டால் தருவேன் என்கிறார் கடைக்காரர். கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தால் பார்ப்போம் என்கிறது காவல் நிலையம். நான் இரண்டு வாசலுக்கும் ஆறு தடவை நடந்துவிட்டேன். முப்பது நாளில் பதிவு தானாக அழிந்துவிடுமாம். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

6. என் கணவர் வாயைத் திறக்க மறுக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். நினைக்கட்டும். பன்னிரண்டு வருடம் உழைத்தவனை உப்பிட்டவரும் ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கடையில் நேற்று ஒரு புதுச் சட்டையின் கையைத் தவறாக வெட்டிவிட்டேன்.

எனவே, வியாழனுக்கு முன் என் கணவருக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, அவர் மூலம் அந்தக் கேமராப் பதிவைக் கைப்பற்றவும், காயம்பட்டவரின் வாக்குமூலத்தைப் பதியச் செய்யவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். நான் கருணை கேட்கவில்லை. குடித்ததற்கு என்ன உண்டோ அதை நீதிமன்றம் விதிக்கட்டும். ஓட்டாததற்கு விதிக்க வேண்டாம்.

தங்கள் அறைக்கு வெளியே சுவரில், "குடித்திருந்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு சுவரொட்டி இருக்கிறது. காலையிலிருந்து அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். அது சொன்னபடி நடந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அவர் சிறைக்குப் போனால், தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள். தாங்கள் கிழிக்காவிட்டால் நான் வந்து கிழிப்பேன். அதற்கு என்மேல் வழக்குப் போட்டால், ஆமாம், நான்தான் கிழித்தேன் என்று ஒத்துக்கொள்வேன். எனக்கு வழக்கறிஞர் தேவைப்படாது.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: மூன்றாம் தேதி, திங்கட்கிழமை

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி

இணைப்பு: காயம்பட்டவர் படுக்கையில் இருந்தபடியே தம் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்.